ராவுல் ஜூலியா படப்பிடிப்பின் நடுவே இறந்தாரா?

1994-இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ படத்தில் வில்லன் பைசனாக நடித்த ராவுல் ஜூலியா பாதியிலேயே இறந்துவிட்டார், மீதியை டூப் வைத்து ஒப்பேற்றினார்கள், அதனால்தான் படம் சொதப்பியது என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

ஜூலியா காலமானது 1994 அக்டோபர் 24, பக்கவாதத்தால். தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த படப்பிடிப்பில் தன் பங்கை அதற்கு முன்பே முடித்துவிட்டார். 1995-இல் ஒளிபரப்பான ‘டவுன் கேம் எ பிளாக்பேர்ட்’ என்ற தொலைக்காட்சிப் படத்திலும் நடித்துக் கொடுத்திருந்தார். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ டிசம்பர் 23-இல்தான் திரைக்கு வந்தது. படத்தை அவருக்கு அர்ப்பணித்திருந்தார்கள். வதந்தி அங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.

அவர் உடல்நிலை படத்தைப் பாதித்தது நிஜம், ஆனால் வேறு விதத்தில். முதலில் அவருடைய எளிய காட்சிகளை எடுப்பது, அதற்குள் மற்றவர்கள் பென்னி அர்கிடெஸிடம் சண்டைப் பயிற்சி முடிப்பது என்றுதான் திட்டம். வயிற்றுப் புற்றுநோயால் மெலிந்து வந்தவரை அப்படியே கேமரா முன் நிறுத்த முடியாததால், இயக்குநர் ஸ்டீவன் டி சௌசா அட்டவணையைத் தலைகீழாக்கினார். சண்டைகள் முன்னுக்கு வந்தன. சிலர் ஷாட்டுக்குச் சில மணி நேரம் முன்புதான் அடிமுறை கற்றார்கள். சண்டைகள் சப்பென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஜூலியாவோ படத்தில் தேறுகிற ஒரே ஆள்: சுன் லீ என்ற பெண் பாத்திரம் தன் தந்தை கொல்லப்பட்டதைப் பைசனிடம் சொல்லும்போது ‘நினைவே இல்லை’ என்கிறாரே, அங்கே டூப்புக்கு என்ன வேலை?

கூடவே வரும் ‘வசூலில் படுதோல்வி’யும் பொய். செலவு சுமார் 3.5 கோடி டாலர். உலக வசூல் சுமார் 9.9 கோடி. திட்டு வாங்கியது விமர்சனத்தில்.