ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்துக்கு மரினா அணைக்கட்டு காரணமா?

"சிங்கப்பூர் மரினா அணைக்கட்டில் படகு விடத் தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள், அதனால்தான் 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலை மூழ்கியது" என்று இன்னமும் பகிர்கிறார்கள். இது தவறு.

மரினா அணைக்கட்டு என்பது நன்னீர்த் தேக்கத்தைக் கடலிலிருந்து பிரிக்கும் தடுப்பு. படகு விட ஏதுவாக தேக்கத்தின் நீர்மட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது உண்மைதான். ஆனால் கனமழையின்போது கடல் இறங்கியிருந்தால், எஃகு மதகுகள் தாழ்ந்து நீரை வெளியே விடும். மொத்தம் 9 மதகுகள். கடல் ஏறியிருந்தால் மதகைத் திறக்க முடியாது, அப்புறம் எப்படி? 7 ராட்சத பம்புகள் இறைக்கும். ஒரு பம்பு மட்டுமே நொடிக்கு 40,000 லிட்டர்! சைனாடவுன் போன்ற தாழ்வான பகுதிகளை வெள்ளத்திலிருந்து காப்பதும் அணைக்கட்டின் வேலை.

ஆர்ச்சர்ட் சாலையில் நடந்தது வேறு. அங்கே ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் கொள்ளாமல் மழைநீர் சாலைக்கு வந்தது. அந்த வெள்ளத்துக்கு அணைக்கட்டு காரணமல்ல என்று நிபுணர் குழு 2012-லேயே சொல்லிவிட்டது.