23 ஆயிரம் ரூபா சாமானும் நாலு ஸ்கொயர் ஒயரும்

எலக்ட்ரிக் கார் வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு. அன்னிலேந்து போன வாரம் வரைக்கும் காருக்கும் போனுக்கும் லேப்டாப்புக்குமா சேத்து வாங்குன சார்ஜர், கேபிள், பவர் பேங்க், டேஷ்கேம் (கார் முன் கண்ணாடியில ஒட்டுற கேமரா), அது இதுன்னு எல்லாத்தையும் உக்காந்து கூட்டி பாத்தேன், 23 ஆயிரத்து சொச்சம் வருது. அதெல்லாம் போட்டு வச்ச டிராயருக்கு எங்க வீட்ல குட்டி ரிச்சி ஸ்ட்ரீட்னே பேர் வச்சுட்டாங்க, சென்னையில எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற தெரு அது. யூட்யூப்ல பாத்தா எல்லாமே "கண்டிப்பா வாங்குங்க"தான், எனக்கும் ஓசில ஒரு பொட்டி அனுப்புனா நானும் அப்படித்தான் பேசுவேன்னு வைங்க. என் காச போட்டு வாங்குனதால மனசுல இருக்கறத எழுதுறேன்.

மொதல்ல அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கத.

எங்க ஃப்ளாட் சென்னை மடிப்பாக்கத்துல, பழைய பில்டிங். பார்க்கிங்ல புழக்கத்துல ஒரே ஒரு 15 ஆம்ப்ஸ் பாயின்ட், அதுவும் என் ஸ்லாட்டுக்கு நேர் எதிர் மூலையில. கார் கூட குடுத்த சார்ஜர் கேபிள் எட்டல. உடனே ஆன்லைன்ல ஒரு எக்ஸ்டென்ஷன் ஆர்டர் போட்டேன், அட்டையில பெருசா 16 ஆம்ப்ஸ், ஹெவி ட்யூட்டி, மின்னல் படம் எல்லாம் போட்டிருந்துச்சு. மூணாவது நாள் நைட்டு பதினோரு மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் இண்டர்காம்ல கூப்புட்டு "மா, கீழ எதோ பிளாஸ்டிக் எரியிற வாட வருது, வந்து பாரு"ன்னாரு. ஓடிப்போயி மெயின ஆஃப் பண்ணிட்டு பாத்தா, ப்ளக் சாக்கெட்ட விட்டு வரவே மாட்டேங்குது. ஆட்டி ஆட்டி புடுங்குனா ஒரு பின்னோட அடியில பிளாஸ்டிக் அப்பளம் பொரிஞ்ச மாதிரி கொப்புளம் கொப்புளமா, பின்னு கருநீலமா மாறி கெடக்கு. அந்த ப்ளக்க இன்னும் தூக்கி போடல, டிராயர்லதான் இருக்கு.

கீஸரும் அதே மாதிரி 15 ஆம்ப்ஸ் பாயின்ட்லதான் ஓடுது, அது ஏன் எரியலன்னு எனக்கு சந்தேகம். கீஸர் கால் மணி நேரம் ஓடி நின்னுடும். கார் அப்படி இல்ல, 15 ஆம்ப்ஸ் கிட்ட ராத்திரி முழுக்க எட்டு மணி நேரம் நிக்காம இழுக்கும். சாக்கெட் உள்ள அந்த பித்தளை கிளிப் கொஞ்சம் லூசா இருந்து ஒரு 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்தாலே போதும், 15ஐ 15ஆல பெருக்கி 0.1ஆல பெருக்குங்க, 22.5 வாட். ரிச்சி ஸ்ட்ரீட்ல விக்கிற சோல்டரிங் அயர்ன் 25 வாட்டு. அத ராத்திரி பூரா ப்ளக்குக்குள்ள சொருகி வச்ச கணக்குதான் இது. ப்ளஸ் டூவுல இத எழுதி மார்க் வாங்கினவதான் நான், என்ன பிரயோஜனம்.

அதோட நிறுத்தினேனா, இல்ல. பக்கத்து பில்லருக்கு அந்தாண்ட மோட்டாருக்கு போட்ட ஒரு பழைய பாயின்ட் இருந்துச்சு, அதுல நேரா சொருகுனா சார்ஜர்ல செவப்பு லைட், எர்த் ஃபால்ட்டாம், அதாவது எர்த் சரியில்லையாம். ஞாயித்துக்கிழம கார் சாமான் கடைங்க இருக்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். மொத கடையில "சார் வரலையா மேடம்"னு கேட்டாங்க, அந்த கடைய விட்டு வெளிய வந்துட்டேன். ரெண்டாவது கடையில ஒரு தம்பி சின்னதா ஒரு ப்ளக் எடுத்து வச்சு "இத நடுவுல சொருகுங்க மேடம், செவப்பு லைட் போயிரும், நெறைய பேரு வாங்கிட்டு போறாங்க"ன்னாரு. 350 ரூபா. நெஜமாவே பச்சை லைட் வந்துச்சு! எனக்கு ஒரே பெருமை, வாட்ஸ்அப் குரூப்ல ஃபோட்டோ வேற போட்டேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து அத ஸ்க்ரூ கழட்டி உள்ள காமிச்சாரு. ஒரு விரக்கட நீளத்துக்கு ஒரு ஒயர் துண்டு, நியூட்ரலையும் எர்த்தையும் சேத்து கட்டி வச்சிருக்கு. அவ்வளவுதான் உள்ள. எர்த் இல்லன்னு சார்ஜர் கத்துது, அது வாய பொத்துறதுக்கு 350 ரூபா. இதுல என்ன ஆபத்துன்னா, அந்த பாயின்ட்ல யாராவது ஃபேஸையும் நியூட்ரலையும் மாத்தி குடுத்திருந்தா, இல்ல மேல எங்கயாவது நியூட்ரல் கட் ஆனா, கார் பாடி பூரா 230 வோல்ட் வந்து நிக்கும். கார் நிக்கிறது ரப்பர் டயர் மேல, அதுபாட்டுக்கு சும்மா நிக்கும், தரையில கால வச்சுகிட்டு கதவ தொடுறவங்க கதிதான் அதோகதி. டிசம்பர் மழையில எங்க பார்க்கிங்ல கணுக்கால் தண்ணி நிக்கும். வேளச்சேரி ஃப்ளைஓவர் மேல கார வரிசையா கொண்டு போய் நிறுத்துற ஏரியாவ ஒட்டிதான் நாங்க இருக்கோம். இந்த ப்ளக்க யார் வச்சிருந்தாலும் தயவுசெஞ்சு ஒடச்சு போடுங்க, யாருக்கும் குடுக்கவும் வேணாம்.

அண்ணன் என்ன பண்ணாருன்னா, என் மீட்டர்லேந்தே தனியா நாலு ஸ்கொயர் ஒயர் (நாலு சதுர மில்லிமீட்டர் தடிமன் செம்பு) இழுத்து, 20 ஆம்ப்ஸ் எம்சிபி (லோடு ஜாஸ்தியானா ட்ரிப் ஆகுறது), 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் எர்த் பக்கம் லீக் ஆனா ட்ரிப் ஆகுறது), நல்ல கம்பெனி சாக்கெட், காம்பவுண்ட் ஓரமா குழி தோண்டி கரி, உப்பு போட்டு புது எர்த். கடைசில ஆர்சிசிபிக்கு முன்னாடி இருக்க ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல டெஸ்ட் லாம்ப்ப போட்டு பல்பு நல்லா பளிச்சுன்னு எரியுதான்னு காமிச்சாரு. மொத்தம் 11 ஆயிரம். அசோசியேஷன்ல குழி தோண்ட சம்மதம் வாங்குறதுக்குள்ள எனக்கு தாவு தீந்துருச்சு, அது தனி பதிவு. ஒண்ணு மட்டும், ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டுனா ஸ்லாப் மாறி பில்லு எகிறும், அத கணக்குல வச்சுக்கோங்க. இந்த 11 ஆயிரம் அந்த 23 ஆயிரத்துல சேத்தி இல்ல, ஆனா மொத்தத்துல உருப்படியா செலவு பண்ணது இதுதான்னு தோணுது.

போன் சாமான் பக்கம் வர்றேன், இதுல நான் ஏமாந்தது கம்மி. 100 வாட் சார்ஜர் வாங்குனேன், லேப்டாப் "ஸ்லோ சார்ஜர்"னு மெசேஜ் காட்டுது. சார்ஜர் மேல தப்பே இல்ல, கேபிள்தான். ரெண்டு பக்கமும் டைப்-சி இருக்க சி டு சி கேபிள்ல இ-மார்க்கர்னு ஒரு குட்டி சிப் இல்லேன்னா 3 ஆம்ப்ஸ்க்கு மேல விடாது, 20 வோல்ட்ல 60 வாட்டோட முடிஞ்சது. பவர் பேங்க்ல 20000 எம்ஏஹெச்னு முன்னாடி போட்டிருக்கறது உள்ள இருக்க செல்லோட 3.7 வோல்ட் கணக்கு, போனுக்கு 5 வோல்ட்டா மாத்தி குடுக்கும்போது 13000 கிட்ட வந்தாலே நல்ல பொருள். பின்னாடி பொடி எழுத்துல அதயும் போட்டிருப்பான், பூதக்கண்ணாடி வச்சு படிங்க. அப்புறம் பிஐஎஸ் கேர்னு கவர்மெண்ட் ஆப் ஒண்ணு இருக்கு, சார்ஜர் மேல R-னு ஆரம்பிச்சு போட்டிருக்க ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர அதுல அடிச்சு பாருங்க. பிளாட்பாரத்துல வாங்குன ஒண்ணுல நான் அடிச்சு பாத்தேன், அப்படி ஒரு நம்பரே இல்லையாம்.

டேஷ்கேம். பார்க்கிங் மோடு போட்டு, நைட்டு பூரா ரெக்கார்ட் ஆகட்டும்னு விட்டேன். நாலு நாள் ஊருக்கு போயிட்டு வந்து ரிமோட்ட அமுக்குனா கார் செத்து கெடக்கு. வயித்துல அவ்ளோ பெரிய பேட்டரி, 80 பர்சென்ட் சார்ஜோட, ஆனா கதவு தொறக்க மாட்டேங்குது, ஏன்னா கதவு, லைட்டு, கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் சாதா கார்ல இருக்க மாதிரியே ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான், அத டேஷ்கேம் உறிஞ்சி தீத்துருச்சு. வாங்குறதா இருந்தா லோ வோல்டேஜ் கட்-ஆஃப் (பேட்டரி எறங்குனா தானா நிறுத்திக்கறது) இருக்க ஒயரிங் கிட்டோட வாங்குங்க. கேமரா உள்ள லித்தியம் பேட்டரி இல்லாம அதுக்கு பதிலா கரண்ட்ட சேத்து வைக்கிற சூப்பர் கெப்பாசிட்டர் இருக்கறதா பாருங்க, நம்ம ஊரு கத்திரி வெயில்ல கண்ணாடிக்கு பின்னாடி லித்தியம் பேட்டரி உப்பிடும்.

கார்ல போன மாட்டி வைக்கிற ஒயர்லெஸ் சார்ஜிங் மவுண்ட் வேஸ்ட், சுத்தமா வேஸ்ட். மே மாசம் ஓஎம்ஆர்ல மேப்ஸ் போட்டுகிட்டு போனேன், போன் கொதிச்சு சார்ஜ் ஏறவே இல்ல, சோழிங்கநல்லூர் போறதுக்குள்ள 4 பர்சென்ட் கொறஞ்சு போச்சு. ஒயரே போதும். சீட்டுக்கு ஃபேன் வச்ச குஷன் முதுகுல கொசு ரீங்காரம் மாதிரி சத்தம், எங்கம்மா அத பூஜை ரூம்ல உக்கார எடுத்துகிட்டாங்க, ஃபேன் போடாமலே. முன் கண்ணாடிக்கு 250 ரூபா வெள்ளி கலர் சன் ஷேடு, இது தங்கம். டயருக்கு காத்தடிக்கிற குட்டி பம்பும் தங்கம், பங்க் பக்கமே போகாதவ இப்போ, காத்துக்கு மட்டும் எதுக்கு போய் நிக்கணும்.

புது பாயின்ட் போட்டு ஏழு மாசம் ஆச்சு. பயம் மட்டும் போகல, சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு தெனமும் கீழ எறங்கி போயி ப்ளக்க புறங்கையால தொட்டு பாக்குறேன். வாட்ச்மேன் அண்ணன் சேர்ல உக்காந்துகிட்டே "இன்னா மா, ஜொரம் கீதா?"ன்னு கேக்குறாரு. இல்லண்ணே, வெதுவெதுன்னு கூட இல்லன்னு சொல்லிட்டு மேல வந்து படுத்துடுவேன்.