தும்புத்தடியும் கடன் கொப்பியும்

2011 ஓகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. லண்டனில் கலவரம் நடந்த வாரம். மாலை நான்கு மணிக்கே தென் லண்டனில் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கத் தொடங்கிவிட்டன. நான் பாலும் பாணும் வாங்கும் கடையின் அண்ணர், பாதி இறக்கிய கதவுக்குக் கீழால் குனிந்து வெளியே வந்து ஓர் அரிசிப் பையை என் கையில் தந்தார். உள்ளே மூன்று கடவுச்சீட்டுகள், கடையின் குத்தகைப் பத்திரம், சிவப்பு மட்டை போட்ட ஒரு கொப்பி. "தம்பி, இதைக் கொண்டுபோய் உம்முடைய வீட்டில் வையும்" என்றார்.

கொப்பி அவருடைய கடன் கணக்கு. கல்லாவில் இருந்த காசைத் தரவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. 1983 யூலைத் தமிழர் விரோதக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் அவருடைய தகப்பனாரின் கடையை எரித்தபோது, சாமான் போனதை விடக் கொப்பி போனதுதான் பெரிய அடி என்று பிறகு ஒருநாள் சொன்னார். யார் எவ்வளவு தரவேண்டும் என்பது சாம்பலாகிவிட்டது. நினைவில் இருந்தவர்களிலும் பாதிப் பேர் நினைவில்லாதவர்கள் போல் இருந்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் எங்காவது கடைக் கண்ணாடி உடைந்தால் எனக்கு அந்தப் பைதான் ஞாபகத்துக்கு வருகிறது. 2024 கோடைக் கலவரங்களின்போதும் வந்தது. இப்போது முகநூலில் நம்மவர்கள் கலகக்காரர்களை என்ன செய்வது என்ற அதே வாதத்தில் மீண்டும் இறங்கியிருப்பதைப் பார்க்கும்போதும் வருகிறது. சுட்டுத் தள்ள வேண்டும் என்கிறார் ஒருவர். வறுமைதான் காரணம் என்கிறார் மற்றவர். நகரம் எரியும்போது தெருவில் ஒரு கூட்டம் நிற்கிறது. தொலைக்காட்சிக்கு முன்னால் அதைவிடப் பெரிய இன்னொரு கூட்டம் நிற்கிறது. அரசாங்கம் பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் பதில் சொல்கிறது. கடைக்காரர் இரண்டிலும் இல்லை.

அந்த வாரம் எப்படித் தொடங்கியது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஓகஸ்ட் 4 அன்று வட லண்டனின் ரொட்டன்ஹாம் பகுதியில் மார்க் டகன் என்பவரைப் பொலிஸார் சுட்டுக் கொன்றார்கள். அவர் முதலில் சுட்டார் என்று நினைக்கும்படியான செய்தி ஊடகங்களுக்குப் போனது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்றும், தாங்கள் தவறான தகவலைச் சொல்லியிருக்கலாம் என்றும் பொலிஸார் மேலான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஆணையமே பிறகு ஒப்புக்கொண்டது. 6ஆம் திகதி குடும்பத்தினரும் அயலவர்களும் பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்றார்கள். ஓர் உயர் அதிகாரி வெளியே வந்து பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை. அன்றிரவு ரொட்டன்ஹாம் எரிந்தது. அடுத்த நாட்களில் கலவரம் மற்ற இடங்களுக்கும் பரவியது. 2014இல் மரண விசாரணை ஜூரிகள் பெரும்பான்மையாக, கொலை சட்டத்துக்கு உட்பட்டது என்றார்கள். அதே ஜூரிகள், சுடப்பட்ட கணத்தில் அவர் கையில் துப்பாக்கி இல்லை என்றும் சொன்னார்கள். இரண்டையும் ஒரே தாளில் வாசித்த அந்தக் குடும்பத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

சரி. ஆனால் திங்கட்கிழமை இரவு குரோய்டனில் சப்பாத்துக் கடையை உடைத்தவனுக்கு டகன் யார் என்றே தெரிந்திருக்காது. குரோய்டனில் 1867 முதல் ஐந்து தலைமுறையாக இருந்த ஒரு தளபாடக் கடை அன்றிரவு முழுதாக எரிந்தது. பேர்மிங்ஹாமில் தங்கள் பகுதிக் கடைகளுக்குக் காவல் நின்ற மூன்று இளைஞர்கள் கார் மோதி இறந்தார்கள். ஹாக்னியில் ஈழத் தமிழர் ஒருவருடைய கடையும் சூறையாடப்பட்டது. அதை நியாயப்படுத்த என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. பொலிஸ் மேல் உள்ள கோபம் ஏன் பால்மா டின்னின் மேல் பாய்கிறது என்று கேட்டால், சமூகவியல் படித்த நண்பர்கள் நீளமான விடை வைத்திருக்கிறார்கள். கடைக்காரருக்கு முன்னால் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

என்னை அதிகம் உறுத்தியது பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். அதில் நானும் ஒருவன். அந்த வாரம் எடுத்த ஒரு கருத்துக் கணிப்பில் பத்தில் ஒன்பது பேர் கலகக்காரர்கள் மேல் தண்ணீர் பீரங்கி வேண்டும் என்றார்கள்; மூன்றில் ஒருவர் உண்மையான தோட்டாவே பாவிக்கலாம் என்றார். ஒரு தனி மனிதனைப் பொலிஸார் சுட்டதில் தொடங்கிய வாரத்தில் இது. தண்டிக்கப்பட்டவர்களின் அரச கொடுப்பனவுகளை நிறுத்த வேண்டும் என்ற இணைய மனுவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். வோண்ட்ஸ்வேர்த் நகரசபை ஒரு தாய்க்கு வீட்டைக் காலி செய்யும்படி நோட்டீஸ் அனுப்பியது. காரணம் மகன்மேல் வழக்கு. அந்த வழக்கே அப்போது முடிந்திருக்கவில்லை.

நம்மவர்கள் வாயிலிருந்து வந்ததையும் சொல்லியாக வேண்டும். கறுப்பினத்தவரைக் குறிக்க நம் ஊரில் ஒரு சொல் இருக்கிறது. இங்கே எழுதப் போவதில்லை, எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் நான் போன ஒவ்வொரு வீட்டிலும் தேநீருடன் அந்தச் சொல்லும் வந்தது. வழக்குகள் முடிந்து கணக்குப் பார்த்தபோது நீதிமன்றத்துக்கு வந்தவர்களில் 41 வீதமானோர் வெள்ளையர், 39 வீதமானோர் கறுப்பினத்தவர். கலவரம் நடந்த பகுதிகளில் யார் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கணக்கு அது. ஆனாலும் அந்தத் தேநீர் மேசைகளில் ஒரு வெள்ளைக்காரப் பையனின் பேச்சைக்கூட நான் கேட்கவில்லை. "தமிழர் என்றாலே புலி" என்று 83இல் நம்மைப் பார்த்துச் சொன்னவர்களும் இப்படித்தான் ஒரு மேசையைச் சுற்றி இருந்து சொல்லியிருப்பார்கள்.

அரசாங்கம் என்ன செய்தது? பிரதமர் டேவிட் கமரூன் இத்தாலி விடுமுறையிலிருந்து செவ்வாய் காலை வந்து சேர்ந்தார். முந்தைய இரவு லண்டன் தெருக்களில் 6,000 பொலிஸார், அன்றிரவு 16,000. உண்மையில் லண்டனை அடக்கியது இந்தக் கணக்குத்தான். இதற்குத் தண்ணீர் பீரங்கியோ தோட்டாவோ தேவைப்படவில்லை. தண்ணீர் பீரங்கிக்கு ஒரு பின்கதையும் உண்டு. மேயராக இருந்த பொரிஸ் ஜோன்சன் 2014இல் ஜேர்மனியிடமிருந்து பழைய வண்டிகள் மூன்றை வாங்கினார். செப்பனிட்ட செலவுடன் சேர்த்து 3 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டுக்கு மேல். அடுத்த ஆண்டு உள்துறை அமைச்சர் தெரேசா மே அவற்றைப் பாவிக்க அனுமதி மறுத்தார். 2018இல் ஏறத்தாழ 11,000 பவுண்டுக்குப் பழைய இரும்பாகப் போய்ச் சேர்ந்தன. பத்தில் ஒன்பது பேர் கேட்ட பொருள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட யார் மேலும் படவில்லை.

நீதிமன்றங்கள் இரவிரவாக இயங்கின. பிறிக்ஸ்டனில் ஒரு பேரங்காடியில் 3.50 பவுண்ட் பெறுமதியான தண்ணீர்ப் போத்தல்களை எடுத்த, முன்குற்றம் எதுவும் இல்லாத மாணவனுக்கு ஆறு மாதச் சிறை. செஷயர் பகுதியில் இரண்டு இளைஞர்கள் தனித்தனியாக முகநூலில் கலகத்துக்கு அழைப்பு விடுத்தார்கள். கலகம் எதுவும் நடக்கவில்லை. ஒருவர் குறித்த இடத்துக்கு வந்தவர்கள் பொலிஸார் மட்டும். ஆளுக்கு நான்கு ஆண்டுகள், மேன்முறையீட்டிலும் குறையவில்லை. சிறைக்குப் போனவர்களின் சராசரித் தண்டனை 17.1 மாதங்கள் என்று நீதி அமைச்சு சொன்னது. முந்தைய ஆண்டு அதேபோன்ற குற்றங்களுக்கு நீதவான் நீதிமன்றங்களில் குற்றவாளிகளாகக் காணப்பட்டவர்களின் சராசரி 3.7 மாதங்கள். கலவர இரவில் திருடுவது சாதாரண நாளில் திருடுவதை விடக் கெட்டது என்பதை நான் மறுக்கவில்லை. பயத்தையும் சேர்த்துத் திருடுகிறான். ஆனால் இந்த வித்தியாசத்தில் எவ்வளவு சட்டம், எவ்வளவு தொலைக்காட்சி என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இனிக் கடைக்காரர் பக்கம். அவருக்கும் ஒரு சட்டம் இருந்தது: 1886ஆம் ஆண்டின் கலகச் சேதச் சட்டம். அந்த ஆண்டு லண்டன் மேற்குப் பகுதியில் கடைகள் நொறுக்கப்பட்ட பிறகு இயற்றியது. கலகத்தைத் தடுக்காத பொலிஸ் நிர்வாகமே நட்டத்தைத் தர வேண்டும் என்பது அதன் சாரம். என் அபிப்பிராயத்தில் விக்டோரியா காலத்தவர்கள் செய்த நேர்மையான காரியங்களில் இது ஒன்று. ஆனால் குதிரை வண்டிக் காலத்துச் சட்டம். கார் எரிந்தால் அதில் இடமில்லை. கடை மூடிக் கிடந்த நாட்களின் வியாபார நட்டத்துக்கு இடமில்லை. எரிந்த குளிர்சாதனப் பெட்டிக்குப் புதியதன் விலை கிடையாது. பழசாக எவ்வளவு பெறுமோ அவ்வளவுதான். மனு அனுப்ப 14 நாள் கெடு. கமரூன் அரசு அதை 42 நாளாக்கியது. 42 நாளில் மனு போடலாம், காசு வரவேண்டுமே! தண்ணீர்ப் போத்தல் திருடியவன் சில நாட்களிலேயே தண்டனை பெற்றான். கடைக்காரர்கள் பலர் மாதக்கணக்கில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தைத் திருத்த 2016 வரை எடுத்தது. நீதிமன்றத்துக்கு இரவிரவாக விளக்கு எரித்த நாடு, நட்ட ஈட்டு அலுவலகத்துக்கு ஓர் இரவு எரித்திருக்கலாம்.

எரித்திருந்தால் அது செய்தியாகியிருக்காது. அதுதான் விடயம். படிவம் நிரப்புவதைத் தொலைக்காட்சியில் காட்ட முடியாது.

தும்புத்தடியைக் காட்டலாம். அதே செவ்வாய்க்கிழமை கிளப்பம் சந்தியில் நூற்றுக்கணக்கானவர்கள் தும்புத்தடிகளை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். பொரிஸ் ஜோன்சன்கூட ஒன்றைத் தூக்கினார். நான் அதைப் பரிகசிக்கவில்லை. பெக்கமில் உடைந்த கண்ணாடிக்கு அடித்த பலகை முழுவதும் ஊரார் சிறு சிறு காகிதங்களில் அன்பான வார்த்தைகளை எழுதி ஒட்டியதைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்தது. ஹாக்னிக் கடைக்காரருக்கு அயலவர்கள் காசு சேர்த்துக் கொடுத்துக் கடையைத் திறக்க வைத்தார்கள். தும்புத்தடிப் படத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

பேர்மிங்ஹாமில் மகனை இழந்த தாரிக் ஜஹான் புதன்கிழமை தெருவில் நின்று சொன்னதையும் இங்கே எழுத வேண்டும். பிள்ளைகளை இழக்க விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள், இல்லையென்றால் அமைதியாக வீட்டுக்குப் போங்கள் என்றார். அவர் பழிவாங்கச் சொல்லியிருந்தால் அன்றிரவு அந்த நகரம் என்னவாகியிருக்கும்? பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் தோட்டா கேட்ட அதே வாரத்தில், மகனைப் பறிகொடுத்தவர் கேட்டது இதை.

83உடன் இதை ஒப்பிடாதே என்று சிலர் சொல்வார்கள். சரிதான், ஒன்றல்ல. கொழும்பில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். ஆயுதப் படையினர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்கு நாள் கழித்து ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனா நாட்டு மக்களுக்கு உரையாற்றினார்; செத்த தமிழருக்காக ஓர் அனுதாப வார்த்தை அதில் இல்லை. அவரும் இரண்டாவது கூட்டத்துடன்தான் பேசினார் என்பதை மட்டும் சொல்கிறேன். பிறகு ரெப்பியா வந்தது. எரிந்த கடைகளையும் வீடுகளையும் அரசே பொறுப்பேற்கும் அதிகாரசபை. தன் சொந்தக் கடையைத் திரும்பப் பெற அண்ணரின் தகப்பனார் அந்த அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார்.

2024க்கு வருகிறேன். சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் முஸ்லிம் அகதி என்று ஒரு பொய் பரவியது. பள்ளிவாசலையும் அகதிகள் தங்கிய விடுதிகளையும் தாக்கினார்கள். ரொதர்ஹாமுக்குப் பக்கத்தில் ஆட்கள் உள்ளே இருக்கும்போதே விடுதிக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். ஹல் நகரில் நாட்டைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் சப்பாத்துக் கடையையும் சவர்க்காரக் கடையையும் உடைத்தார்கள். கொள்ளையடிப்பதற்கு நிறமும் கொள்கையும் கிடையாது, கண்ணாடி உடைந்திருந்தால் போதும்.

அந்த முறை பிரதமராக இருந்தவர் கெய்ர் ஸ்டாமர். 2011இல் அரச வழக்குத் தொடுநர் தலைவராக அந்த இரவு நீதிமன்றங்களுக்குப் பின்னால் நின்றவர். தண்டனையின் நீளத்தை விட வேகமே வேலை செய்தது என்பது அவருடைய கருத்து. ஓகஸ்ட் 7ஆம் திகதியே லிவர்பூலில் சிறைத் தண்டனைகள் வந்துவிட்டன. சிறைகளில் இடம் இருக்கவில்லை. முன்பே தீட்டிய திட்டத்தின்படி செப்டம்பர் 10 அன்று ஏறத்தாழ 1,700 பேரை நேரத்தோடு விடுவித்தார்கள். எனக்கு வேடிக்கையாக இருந்தது நண்பர் வட்டாரம். முகநூல் அழைப்புக்கு நான்கு ஆண்டு போதாது என்று 2011இல் சொன்ன ஒருவர், இணையப் பதிவுக்கெல்லாம் சிறையா, இது என்ன நாடு என்றார். அன்று இளைஞர்களின் வலியைப் புரிந்துகொள்ளுங்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தவர், இன்று வேலையில்லாத வட இங்கிலாந்துப் பையனை ஒரு வரியில் "குப்பை" என்று முடித்துவிட்டார். நான் மட்டும் என்ன யோக்கியன்? ரொதர்ஹாம் காட்சியைப் பார்த்தபோது, அவர்களுக்கு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று விரலில் எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். தோட்டா கேட்ட அந்த மூன்றில் ஒருவராக நானும் அன்று இருந்திருப்பேன்.

அந்தச் செவ்வாய் இரவு எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை அரிசிப் பையைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணர் கடவுச்சீட்டுகளை மேசை மேல் போட்டுவிட்டுக் கொப்பியை விரித்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, பக்கத்துக் குடியிருப்புப் பையன் ஒருவனைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். வேறு இடத்தில் ஏதோ கடையில் சப்பாத்து எடுத்தானாம். அவன் பெயருக்கு நேரே 11 பவுண்டும் சில்லறையும் இருந்தது.

"உள்ளே போட்டுவிட்டால் இதை யார் தருவது?" என்று என்னைப் பார்த்து எரிச்சலுடன் கேட்டார். பிறகு அவனுடைய தாய் பாணும் முட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணர் அதே பக்கத்தில், அதே பெயருக்குக் கீழே, அதையும் எழுதினார்.