பட்டா கிடையாது, அடிமனை வாடகைதான்

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்திருந்தான். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் அவன் கைக்கு வந்துவிட்டது. போதாததற்கு வீட்டிலிருக்கும் நாலு பவுன் சங்கிலியையும் அடகு வைக்கலாம் என்று யோசனை. "அத்தான், டாட் ஏஐ-ல இருபது பேரு எடுத்துப் போட்டுடப்போறேன்" என்றான். அடுப்படியிலிருந்து என் மனைவி, "இருபது பேரா? எப்படா வர்றாங்க, ஒல வைக்கணும்ல?" என்றாள்.

அவன் சொன்னது ஆட்களை இல்லை, 'டாட் ஏஐ' என்று முடிகிற இணையதள முகவரிப் பெயர்களை. இப்போது எடுத்துப் போட்டு, பிறகு கூடுதல் விலைக்கு விற்கும் கணக்கு. சிரித்து முடித்த பிறகு ரொம்ப நேரம் பேசினோம். அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதிவிடுகிறேன். டெல்டாவில் இப்போது பல பையன்கள் யூடியூப் பார்த்துவிட்டு இதே கணக்கைப் போடுகிறார்கள்.

முதலில் என் யோக்கியதை. 2011-லிருந்து நானும் இந்தியாவுக்குரிய டாட் இன் பெயர்கள் எடுத்து வைக்கிறேன். உச்சத்தில் 37 பெயர்கள் இருந்தன. இதுவரை விற்றது மூன்று. ஒன்று 40,000, ஒன்று 18,000, இன்னொன்று வந்தவரைக்கும் லாபம் என்று 6,500. மொத்தம் 64,500 ரூபாய். 37 பெயர்களுக்கும் புதுப்பிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 26,000 பக்கம் போனது. மூன்றாம் ஆண்டிலேயே வரவைச் செலவு தாண்டிவிட்டது. இந்தக் கணக்கை வீட்டில் சொன்னதில்லை. அவள் முகநூலில் இல்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

இனி அவன் கணக்குக்கு வருவோம். டாட் ஏஐ என்பது கரீபியன் கடலில் இருக்கும் அங்குவிலா என்ற தீவின் நாட்டுக் குறியீடு, அதாவது இணைய முகவரியின் கடைசியில் வர அந்தத் தீவுக்கென்று ஒதுக்கிய இரண்டு எழுத்து. பிரிட்டனின் ஆட்சிப்பகுதி. மக்கள்தொகை பதினாறாயிரம் பக்கம், அதாவது நம் மன்னார்குடியில் கால்வாசி. செயற்கை நுண்ணறிவுக்கும் அந்தத் தீவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எழுத்துப் பொருத்தம் மட்டும்தான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும் உலகமே அந்த இரண்டு எழுத்துக்கு ஓடியது. 2023-ல் மட்டும் அந்தத் தீவுக்கு இதில் கிடைத்தது சுமார் 3.2 கோடி டாலர், அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதே ஆண்டில் 'யூ டாட் ஏஐ' என்ற ஒரு பெயர் 7 லட்சம் டாலருக்குக் கைமாறியது. மச்சினன் பார்த்த வீடியோவில் இந்த விற்பனைதான் ஓடிக்கொண்டிருந்ததாம்.

அவன் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வருடம் தவறாமல் சம்பாதிப்பது அங்குவிலா. மழை பெய்தாலும் பொய்த்தாலும் மிராசுக்கு நெல் போய்ச் சேர்ந்துவிடும், குத்தகைக்காரன்தான் வானத்தைப் பார்க்க வேண்டும். நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த கதைதானே இது? டாட் ஏஐ எடுக்க ஒரேயடியாக இரண்டு வருடத்துக்குப் பணம் கட்டியாக வேண்டும். ஒரு பெயருக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். இருபது பெயர் என்றால் இரண்டு லட்சத்துக்கு மேல். இரண்டு வருடத்தில் விற்கவில்லையா, மறுபடி அதே இரண்டு லட்சம். சங்கிலி பீரோவில் சும்மாதான் கிடக்கும், ஆனால் வருடா வருடம் நம்மிடம் காசு கேட்காது.

எங்கள் தெருவில் பாதி வீடுகள் கோயில் அடிமனையில் நிற்பவை. செங்கல், சிமெண்டு, மாடி, எல்லாம் நம்முடையது. கீழே இருக்கும் மண் சாமியுடையது. வாடகை கட்டுகிறவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வாடகையை ஏற்றினால் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவோம். இணையப் பெயரும் அப்படித்தான். 'வாங்கினேன்' என்று வாய் சொல்கிறதே தவிர, பத்திரமும் இல்லை, பட்டாவும் இல்லை. அதிகபட்சம் பத்து வருடத்துக்கு முன்பணம் கட்டி வைக்கலாம், அவ்வளவுதான். டாட் காமுக்கும் இதே கதைதான். நாட்டுக் குறியீட்டில் கூடுதலாக ஒரு சிக்கல்: அங்கே மண்ணுக்குச் சொந்தக்காரர் ஓர் அரசாங்கம். அந்த அரசாங்கத்துக்கு என்ன நடக்கும் என்பது நமக்கு எப்படித் தெரியும்?

டாட் ஐஓ-வைப் பாருங்கள். மென்பொருள் கம்பெனிகள் போட்டி போட்டு எடுத்த பெயர். அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதியின் குறியீடு, அதாவது சாகோஸ் தீவுகள். அந்தத் தீவுகளை மொரிஷியஸுக்குக் கொடுக்க 2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்படியொரு ஆட்சிப்பகுதியே இல்லை என்று ஆகி, நாட்டுக் குறியீடுகளின் பன்னாட்டுப் பட்டியலிலிருந்து அந்த இரண்டு எழுத்து எடுக்கப்பட்டால், ஐந்தாண்டு அவகாசத்தில் அந்தக் குறியீட்டை மூட வேண்டும் என்பது விதி. நடக்காமலும் போகலாம். சோவியத் ஒன்றியம் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் டாட் எஸ்யு உயிரோடு இருக்கிறது. யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யு 2010-ல் நிஜமாகவே மூடப்பட்டது. 2023-ல் ஆப்பிரிக்காவின் காபோன் நாடு தன் டாட் ஜிஏ-வை அதுவரை நடத்திவந்த வெளிக் கம்பெனியிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டபோது, அந்தக் கம்பெனி இலவசமாக அள்ளிக் கொடுத்திருந்த லட்சக்கணக்கான பெயர்கள் காணாமல் போயின.

இதற்கு நடுவில் எனக்குப் பிடித்த நாடு துவாலு. பதினோராயிரம் பேர் வாழும் ஒன்பது குட்டித் தீவுகள். டாட் டிவி அவர்களுக்கு அமைந்தது சுத்தமான அதிர்ஷ்டம். அந்தப் பெயரைக் குத்தகைக்கு விட்ட காசில்தான் 2000-ல் ஐ.நா. சபையில் உறுப்பினர் ஆனார்கள். அதே தீவுகளைத்தான் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. வேதாரண்யம் பக்கம் கிணற்றில் உப்பேறிய கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, நம் டாட் இன்? என் சொந்தச் சாய்வைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை. 2005-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று 40 லட்சம் பெயர்களைத் தாண்டிவிட்டது. 2025-ல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறச் சொன்னது. போலி வங்கித் தளங்களால் ஏமாறுகிறவர்கள் பெருகியதால் வந்த ஏற்பாடு. அந்த முகவரியை நீங்களும் நானும் வாங்க முடியாது. ஆனால் வங்கிக் கணக்கு பார்க்கிற ஒவ்வொருவர் கண்ணிலும் தினமும் டாட் இன் படுகிறது. ஜனங்களுக்கு அது பழகிப்போகும். வருடம் எழுநூறு எண்ணூறு ரூபாய் என்பதால் தப்பு செய்தாலும் கை சுடாது.

தப்பு நானும் செய்திருக்கிறேன். என்னிடம் இருந்ததிலேயே நல்ல பெயர் ஒன்று, தென்னை சம்பந்தப்பட்டது, 2018 அக்டோபர் கடைசியில் தவணை முடிந்தது. அவகாசம் இருக்கிறதே என்று விட்டேன். நவம்பர் 16 கஜா புயல். தென்னையும் போனது, கரண்டும் போனது, டவரும் போனது. எல்லாம் சரியாகி உட்கார்ந்து பார்த்தபோது, அபராதத்தோடு மீட்கப் பல மடங்கு கேட்டார்கள். கூரை போட ஓடு வாங்கும் நேரத்தில் பெயர் வாங்கவா முடியும்? விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் பையன்களுக்குச் சொல்ல வேண்டும். பிரபலமான கடைப் பெயர், கம்பெனிப் பெயர், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு மாதிரி புவிசார் குறியீடு பெற்ற பெயர் இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு விலை பேசலாம் என்று நினைக்காதீர்கள். இணையப் பெயருக்கும் வணிகக் குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லியாகிவிட்டது. டாட் இன்னுக்கென்றே தகராறு தீர்க்கும் முறையும் இருக்கிறது. கெட்ட எண்ணத்தில் எடுத்தது என்று தெரிந்தால் பெயரைப் பிடுங்கி உரியவரிடம் கொடுத்துவிடுவார்கள். கட்டிய காசு போனதுதான்.

தமிழ் எழுத்திலேயே மூன்று நாட்டுக் குறியீடுகள் இருப்பது பலருக்குத் தெரியாது: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர். வேறு எந்தப் பெருமையைச் சொன்னாலும் இதைச் சொல்லாமல் விடுகிறோம். நான் டாட் இந்தியாவில் நாலு தமிழ்ப் பெயர் எடுத்தேன். இன்றுவரை ஒரு ஆள் விலை கேட்கவில்லை. அந்த முகவரியில் மின்னஞ்சல் வைத்தால் பாதி இடத்தில் ஏற்க மறுக்கிறது. மூன்றை விட்டுவிட்டேன். நாலாவது எங்கள் ஊர்ப் பெயர். அதை மட்டும் விட மனசு வரவில்லை. முதலீடு என்ற கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

நேற்று ராத்திரி மச்சினன் போன் செய்தான். சங்கிலி பீரோவிலேயே இருக்கிறதாம். இப்போது வேறு ஐடியா. மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கப்போகிறான், அதற்கு டாட் இன்னில் ஒரு பெயர் வேண்டும். தேடிப் பார்த்திருக்கிறான். அவன் நினைத்த பெயரை எவரோ பல வருடம் முன்பே எடுத்துச் சும்மா வைத்திருக்கிறார். ஐம்பதாயிரம் கேட்கிறாராம்.

"அநியாயமா இருக்கு அத்தான். ஒரு வேலையும் செய்யாம சும்மா வச்சிக்கிட்டு ஐம்பதாயிரமாம்!"

ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்துத் தேடு மாப்ள, எழுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் என்றேன்.