நடு அடுக்கைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்

அடுக்கருவிக்குப் போனால் பலரும் செய்வதைத்தான் நானும் பல வருஷமாகச் செய்துவந்தேன். நேராக அடியருவிக்குப் போவது, சாரலில் நனைவது, நாலு படம் எடுப்பது, கிளம்புவது. போன மாதம் மூன்று அடுக்காக விழும் ஓர் அருவிக்குப் போயிருந்தேன். கீழே கூட்டம் அதிகம். சரி என்று எதிர்ச்சரிவில் இருக்கும் பார்வை மேடைக்கு ஏறிவிட்டேன். இரண்டு மணி நேரம் அங்கிருந்து எழவே மனம் வரவில்லை.

மேலடுக்கில் கட்டியாகப் புறப்படும் தண்ணீர் பாதி வழியிலேயே நூல் நூலாகப் பிரிந்துவிடுகிறது. காற்று வீசினால் பாறையை விட்டு விலகி, பக்கவாட்டில் பறக்கிறது. அப்படிச் சிதறி வருவதை எல்லாம் நடு அடுக்கின் மடு வாங்கிக்கொள்கிறது. ஒரு காய்ந்த கிளை அதில் வந்து விழுந்தது. ஏழு சுற்று எண்ணினேன். எட்டாவது சுற்றில் பாறை இடுக்குக்குள் இழுபட்டுக் கீழே போய்விட்டது. தண்ணீரும் அப்படித்தான், அந்த இடுக்கில் மறுபடி ஒன்றாகத் திரண்டு இறங்குகிறது. அடியருவியில் தோளில் அறைகிறதே ஒரு கனம், அது நடுவில் சேர்ந்த கனம்.

வெனிசுலாவின் ஏஞ்சல் அருவியை நினைத்துக்கொண்டேன். மொத்தம் 979 மீட்டர், அதில் 807 மீட்டர் ஒரே பாய்ச்சல். இடையில் தாங்கிச் சேர்க்கப் படி இல்லை. வறண்ட மாதங்களில் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி தரையைத் தொடும் முன்பே புகைபோலக் கரைந்துவிடுகிறது.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி அருவிக்கு 739 மீட்டர் என்று சொல்வார்கள். மேலருவி 436, கீழருவி 98. மீதி சுமார் 205 மீட்டரும் நடுவில் இருக்கும் சின்னச் சின்ன வீழ்ச்சிகள். கீழருவியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! ஆனால் பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடப்பதால் பெரும்பாலானோர் கண்ணில் அது படுவதே இல்லை. உயரத்தைக் கேட்டு வியக்கிறோம், அந்த உயரத்தில் கால்வாசிக்கு மேல் பார்க்காமலே வந்துவிடுகிறோம். எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது.

அப்புறம் ஒன்று. நடு அடுக்கைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன், ஏறுங்கள் என்று சொல்லவில்லை. அன்று இரண்டு பையன்கள் கம்பித் தடுப்பைத் தாண்டி அந்த மடுவுக்குப் போனார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பாசி படிந்த பாறையில் கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது, அடுத்த அடுக்குதான். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்யலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கரையேறிவிடுங்கள். தூரத்தில் இருந்து பார்ப்பதில் எந்தக் குறையும் இல்லை. சொல்லப்போனால், அடுக்குகள் ஒன்றோடொன்று பேசுவது தூரத்தில் இருந்துதான் தெரியும்.

அடுத்த முறை தண்ணீர் குறைந்திருக்கும்போது போகப்போகிறேன், ஒரு தொலைநோக்கியோடு. வெள்ளத்தில் மறைந்திருக்கும் பாறைப் படிகள் அப்போது வெளியே தெரியும். அந்தக் கிளை நுழைந்த இடுக்கு எவ்வளவு அகலம் என்று பார்க்க வேண்டும்.