பிரெமெயின் 1990 பெனால்டி: உதைத்தது இடது கால் அல்ல

1990 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜெர்மானியத் தற்காப்பு வீரர் ஆந்திரேயாஸ் பிரெமெ 'இடது காலால்' பெனால்டி அடித்துக் கோப்பையை வென்றுதந்தார் என்றும், வழக்கமாகப் பெனால்டி உதைக்கும் அணித்தலைவர் லோதர் மத்தேயுஸ் காயமடைந்திருந்ததாலேயே அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது என்றும் ஒரு பதிவு பகிரப்பட்டுவருகிறது. இவ்விரண்டும் தவறு.

ஜூலை 8 அன்று ரோம் நகரில், 85ஆவது நிமிடத்தில், ரூடி ஃபொல்லரை அர்ஜென்டினாவின் சென்சினி வீழ்த்தியதற்காக நடுவர் பெனால்டி வழங்கினார். பிரெமெ வலது காலால் தாழ்வாக உதைத்த பந்து கம்பத்தை ஒட்டி உள்ளே சென்றது. கோல்காப்பாளர் கொய்கொச்சேயா சரியான பக்கம் பாய்ந்தும் அவர் கைக்கு அது எட்டவில்லை. காணொளியை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

மத்தேயுஸ் காயமடையவில்லை. இடைவேளையில் காலணியை மாற்ற நேர்ந்ததால், பழகாத காலணியுடன் உதைக்க அவர் விரும்பவில்லை.

பிழை எங்கிருந்து முளைத்தது என்பதையும் ஊகிக்க முடிகிறது: பிரெமெ ஆடிய இடம் இடப்பக்கத் தற்காப்பு, அதோடு 1986 காலிறுதியில் மெக்சிகோவுக்கு எதிரான பெனால்டி மோதலில் அவர் இடது காலால்தான் கோல் அடித்தார். இரண்டு கால்களாலும் ஒரே துல்லியத்துடன் உதைக்கக்கூடியவர் என்பதே அவருடைய தனிச்சிறப்பு; அதைப் பாதியாக வெட்டி அவரை வெறும் இடக்கால் வீரராக்குவது, 2024 பிப்ரவரியில் மறைந்த அந்தக் கலைஞருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.