மறதி நோய்க்குப் பரிசோதனை வீண் செலவா?

முதுமை மறதி நோயைக் குணப்படுத்த மருந்தில்லை என்பதால் முன்கூட்டியே பரிசோதிப்பது வீண் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி, முடிவு தவறு. மறதியெல்லாம் அல்சைமர் (முதுமை மறதி நோயின் மிகப் பரவலான வகை) அல்ல: வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்தபின் மூளையுறைக்கடியில் மெல்லத் தேங்கும் இரத்தம் ஆகியவையும் அப்படியே தோற்றமளிக்கும்; இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஒரே மீன்காரரிடம் இருமுறை பணம் நீட்டிய என் பெரியம்மாவுக்கு, பலதுறை மருந்தகம் எனும் அரசு வெளிநோயாளர் நிலையத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு தெரிந்தது. நீரிழிவுக்குப் பல்லாண்டு உட்கொண்ட மெட்ஃபார்மினும் அதற்குக் காரணமாகலாம் என்று (நாங்கள் யோசித்தே பார்க்காதது) மருந்தாளர்தான் சுட்டிக்காட்டினார்.

அல்சைமரே என்று உறுதியானாலும், தமக்காக முடிவெடுப்பவரை நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரத்தை இங்கு மனத்திறன் இருக்கும்போதுதான் செய்ய முடியும். தாமதித்தால் குடும்பத்தார் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும்.